தோல் கொடுத்தவரின் பாட்டு

கடலூர் மாவட்டத்துத் திருவிழா மேடைகளுக்குக் கிதாரும் கீபோர்டும் டிரம்ஸும் புதியவை அல்ல. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி வரவழைக்கும் இன்னிசைக் கச்சேரியில் இவை எல்லாமே இருக்கும். பக்திப் பாட்டு இரண்டு முடிந்ததும் நள்ளிரவு வரை சினிமாப் பாட்டு ஓடும். அந்த மேடையில் இல்லாதது சொந்தப் பாட்டு ஒன்றுதான். எனவே தமிழ்ச் சுயாதீன இசைக்குழுக்களின் வரலாற்றைக் கருவிகளை வைத்து எழுத முடியாது. யார் எழுதியதை யார் பாடினார்கள், அந்தப் பாட்டு யார் கையில் இருந்தது என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

முதல் அலை இலங்கையில் எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ போன்ற பொப் பாடல்கள் பைலாத் தாளத்தில் பேச்சுத் தமிழை ஏற்றின. படமும் கதாநாயகனும் இல்லாமலே அவை கடல் தாண்டி வந்து இங்கே வீட்டுப் பாட்டாயின. ஆனால் தமிழ்நாட்டில் அதைத் தொடர்ந்து ஒரு மரபு உருவாகவில்லை. சினிமா அவ்வளவு பெரிய நிழலாக விழுந்திருந்தது.

அடுத்த அசைவும் வெளியிலிருந்தே வந்தது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வெளியானது. இங்கே ஹிப்ஹாப் தமிழா 2012இல் சொந்த ஆல்பம் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் திரைப்பட இசையமைப்புக்குப் போனது. ஷான் ரோல்டன், பிரதீப் குமார், டர்புகா சிவா எனக் குழு மேடைகளில் தெரியவந்த பலரையும் சினிமா அழைத்துக்கொண்டது. அதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை. சம்பளம் கொடுக்க வேறு இடம் இல்லாத ஊரில், இசைக்குழு என்பது சினிமாவுக்கான வாசல்படியாக ஆகிவிடும்.

இந்தப் போக்கில் ஒரு திருப்பம் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழு, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரியை நடத்தியது. மேடையில் 19 பேர் இருந்தார்கள். பெயருக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதர் இருக்கிறார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்டோர் தங்களைச் சாதியற்றவர்களாகப் பதிய வேண்டும் என்று கேட்டவர் அவர்.

டென்மா அதற்கு முன் கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ என்ற ராக் குழுவில் இருந்தவர். இங்கே அவர் கிதாரையும் டிரம்ஸையும் கானாப் பாடகர்களின் குரலோடும், பறை, சட்டி, கட்டமோளத்தோடும் சேர்த்தார். சாவு வீட்டுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருந்த வாத்தியங்கள் மேடையின் நடுவுக்கு வந்தன. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, வடசென்னை, அம்பேத்கர் எல்லாம் பாட்டாயின. ராப் பாடகர் அறிவு இந்த மேடையிலிருந்து எழுந்தவர். கானாவில் பெண் குரல் அரிதாக இருந்தபோது பாடவந்த இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில், சபாக் கச்சேரிகளின் மாதத்திலேயே, நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கியது.

வாத்தியம் யாருடையது, மேடை யாருடையது என்ற இந்தக் கேள்வியின் பழைய வேர் சிதம்பரத்தில் இருக்கிறது. தில்லைக்கு நாளை போவேன் என்றிருந்த நந்தனார், கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் என்கிறது பெரியபுராணம். வாத்தியத்துக்கு உயிர் கொடுத்தவருக்குக் கோயில் வாசல் திறக்கவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இல்லாத நிலவுடைமை வேதியரைச் சேர்த்து அந்தக் கதையைக் கீர்த்தனையாக்கினார். அதைச் சபாக்கள் உருகி உருகிக் கேட்டன. பாடியவர்கள் நந்தனாரின் ஆட்கள் அல்லர். அதே சிதம்பரத்தில், 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் கூடிய தமிழிசை மாநாடு மேடையின் மொழியை மாற்றப் போராடியது. அது பெரிய வேலை. ஆனால் பறையை மேடையேற்றுவது அதன் திட்டத்தில் இல்லை. அந்தப் பாக்கியைத்தான் கீழ்ப்பாக்கம் மேடை தீர்க்க முனைந்தது.

சுயாதீனம் முழுமையாகிவிட்டதா என்றால், இல்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கும் ஒரு திரைப்பட இயக்குநரின் செல்வாக்குதான் முதல் துணை. அறிவு பாடி, உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’ (2021) மூலம் தங்களுக்குப் பணம் எதுவும் வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். பாட்டைச் சொந்தமாக எழுதினால் மட்டும் போதாது; உரிமையும் வரவும் பாடியவர் பெயரில் இருக்க வேண்டும்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் பறை அடிப்பவர்கள் இருக்கிறார்கள், இசை படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கிதார் வைத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மாசி மகமோ ஆடித் திருவிழாவோ, இன்னிசைக் கச்சேரிக்குப் பணம் ஒதுக்கும் விழாக் குழுவினர் அதில் அரை மணி நேரத்தை இவர்களின் சொந்தப் பாட்டுக்கு, கூலியோடு, கொடுக்கட்டும். சினிமாவுக்குப் போகாமலே ஒரு குழு இந்த மண்ணில் பிழைக்க அதுதான் முதல் வழி.