கருவியிலாக் குரலிசையில் தமிழ்க் கிறிஸ்துமஸ் பாடல்கள்: அளபெடை நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

டிசம்பர் மாதம் பிறந்ததும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழ்க் கிறிஸ்தவர் இல்லங்கள்தோறும் பாடகர் குழுக்கள் செல்வது நெடுநாள் வழக்கம். இதனைக் கீத பவனி என்பர். முன்பு ஆர்மோனியமோ கித்தாரோ உடன் செல்லும். இன்று குடும்பங்கள் பல வரிசை வீடுகளை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துள்ளன. இரவு வெகுநேரமானபின் மின்தூக்கியின் முன்னுள்ள கூடத்தில் நின்று பாடுவோர், அயலார் உறக்கம் கருதிக் கருவிகளைத் தவிர்ப்பதை அண்மை ஆண்டுகளில் நாம் கண்டுள்ளோம். கருவியின்றிப் பாடும் இளைஞர்கள், அத்தகைய பாட்டுக்கு முன்மாதிரியாகத் தமிழ்ப் பாடகர் எவரையும் கொள்வதில்லை. பென்டடோனிக்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவையே கொள்கின்றனர். அக்குழுவின் கிறிஸ்துமஸ் இசைத்தொகுப்பு ஒன்றை முன்வைத்து, அதன் பாடுமுறை தமிழ்க் கீர்த்தனைக்குப் பொருந்துமிடத்தையும் பொருந்தாவிடத்தையும் இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது.

குரலே கருவியாதல்

கருவித் துணையற்ற குரலிசையை மேலைநாட்டார் 'அ கப்பெல்லா' என்பர். 'சிற்றாலய முறையில்' என்பது அவ்வித்தாலியத் தொடரின் பொருள். வழிபாட்டில் தோன்றிய இம்முறை பின்னர்ப் பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் வழியாகப் பொதுமேடைக்கு வந்தது. பென்டடோனிக்ஸ் 2011இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் உருவான ஐவர் குழு. 2014 அக்டோபரில் அது வெளியிட்ட 'தட்ஸ் கிறிஸ்துமஸ் டு மீ' என்னும் தொகுப்பு பில்போர்ட் 200 பட்டியலில் இரண்டாம் இடம்வரை உயர்ந்தது. கிறிஸ்துமஸ் தொகுப்புகள் பருவம் முடிந்ததும் மறக்கப்படுவது இயல்பாயிருக்க, இத்தொகுப்பு இன்றும் இளம்பாடகர்க்குப் பாடநூல்போல் விளங்குகிறது.

இதன் சிறப்பு யாது? ஐந்து குரல்களும் ஐந்து வேலைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று மெட்டைப் பாடும்; ஒன்று அடிச்சுருதியை ஏந்தும்; ஒன்று வாயொலியால் தாளம் தரும்; ஏனையவை இடைவெளியை ஒத்திசையால் நிரப்பும். இத்தொகுப்பில் 2016இல் கிராமி விருது பெற்றது சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' நடன நாடகத்திலுள்ள சர்க்கரைத் தேவதை நடனத்தின் குரல்வடிவம். அதில் பொருளுடைய பாடல் வரிகள் இல்லை. வாத்தியக் குழுவின் இசையை வெற்றசைகளால் பாடிக் காட்டுகின்றனர். ஆகவே கருவியை விலக்கிய இக்கலை தன் உச்சத்தில் குரலையே கருவியாக்குகிறது எனலாம். இதனைக் குறையெனக் கொள்வதற்கில்லை. மரியாளை நோக்கி வினாக்களை அடுக்கும் பாடலில் ஒரு குரல் சொல்லைத் தாங்க, ஏனைய குரல்கள் பின்னணியாகி அச்சொல்லை உயர்த்துகின்றன. சொல்லுக்கு வழிவிடவும் இக்குழு அறிந்தே உள்ளது. நம் இளைஞர்கள் இவ்விரண்டனுள் முன்னதை விரைவாகக் கற்றனர். பின்னதைக் கற்கவில்லை என்பதே நம் கணிப்பு.

கீர்த்தனையின் இயல்பு

தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் முதன்மையாளர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியாரின் ஆதரவில் கல்வி பெற்றவர், இரண்டாம் சரபோசி மன்னரின் நட்புக்குரியவர், தியாகராசரின் காலத்தவர். பெத்லகேம் நாதனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இவர் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி', தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவொன்றைக் கிறிஸ்து பிறப்புச் செய்திக்கு உரியதாக்கியது. இவர் பாடல்கள் பலவற்றைக் கொண்ட கீர்த்தனைத் தொகுப்பை அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்டார். கீர்த்தனை நூல்கள் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடியேறியவர்களோடு மலாயாவுக்கும் வந்தன. பிரிக்பீல்ட்சில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் போன்றவை அம்மரபு இங்கு வேரூன்றியமைக்குச் சான்று.

கீர்த்தனை ஒற்றை மெட்டிசை. எதுகையும் மோனையும் இயைபுமே அதன் அடிகளை நிறுத்துகின்றன. மேலை இசையில் ஒத்திசை ஆற்றும் பணியைக் கீர்த்தனையில் தொடை ஆற்றுகிறது என்று கூறினும் பொருந்தும். அங்ஙனமாயின், கருவியை நீக்குவது கீர்த்தனைக்குக் கேடு அன்று, நன்மையே. விசைப்பலகைக் கருவியின் நிலைத்த சுரங்கள் கமகத்திற்கு இடந்தருவதில்லை. கருவி விலகியதும் குரல் தன் வளைவுகளை மீளப் பெறுகிறது. வாய்த்தாளமும் நமக்குப் புதிதன்று. கொன்னக்கோலும் நாட்டியச் சொற்கட்டும் நம் மரபுச் செல்வங்கள். எனவே கருவியிலாக் குரலிசையைத் தமிழுக்கு அயலான ஒன்றெனத் தள்ளுவோரின் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

'விண்' 'வீண்' ஆகுமிடம்

எனினும் ஓர் இடர் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் கிள்ளானில் இளையோர் குழுவொன்று கீர்த்தனை ஒன்றை நான்கு குரல் ஒத்திசையாகப் பாடக் கேட்டோம். சுருதி பிசகவில்லை, தாளமும் சீராயிருந்தது. ஆனால் 'விண்ணில்' என்னும் சொல் நெடிய சுரமொன்றில் அமைந்திருந்தமையால் நால்வகைக் குரல்களும் அதன் இகரத்தை ஒருசேர நீட்டின. நம் செவியில் விழுந்தது 'வீணில்' என்பதே. வானத்தில் தோன்றிய விண்மீன் வீணே தோன்றியதாயிற்று. அவையில் மூத்தோர் சிலர் புன்னகைத்தனர். பாடியோர் அதன் காரணம் அறியவில்லை.

அறியாமைக்கு அவர்களைக் குறைகூறல் தகாது. தேசியப் பள்ளிகளில் பயின்ற அவர்களுள் பலர் தமிழ் எழுத்தறியாதவர். கையிலிருந்த தாளில் பாடல் ரோமன் எழுத்தில் இருந்தது. குறில் நெடில் குறியீடுகளின்றி எழுதப்படும் அத்தாள்களில் 'பாலன்' என்பதும் 'பலன்' என்பதும் ஒரே வடிவின. 'மனம்', 'மணம்' என்பனவும் அவ்வாறே. ஆங்கிலத்தில் உயிரொலியை நீட்டுவதால் பொருள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆதலின் பென்டடோனிக்ஸ் குழுவினர்க்கு இவ்விடர் இல்லை. தமிழில் மாத்திரையே பொருளை வேறுபடுத்துகிறது. 'விண்' ஒன்றரை மாத்திரை, 'வீண்' இரண்டரை. தனியொருவர் பிழைபடப் பாடினால் பக்கத்துக் குரல் திருத்தக்கூடும். ஒத்திசையிலோ எல்லாக் குரல்களும் ஒரே பிழையை ஒரே நேரத்தில் உறுதிப்படுத்துகின்றன.

அளபெடை காட்டும் வழி

இதற்கு மாறாக, இசையில் எழுத்தின் அளவு கடத்தல் இயல்பே என்று வாதிடலாம். உயிர் தன் அளவைக் கடந்து ஒலித்தலும் மெய்யின் ஓசை நீளுதலும் யாழ் நூலுக்குரியன என்று தொல்காப்பியரே நூன்மரபின் இறுதியில் சுட்டுகிறார். கருநாடக இசையரங்குகளிலும் குறில்கள் நீட்டப்படுவதைக் கேட்கிறோம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் தொல்காப்பியர் உயிரை மட்டும் கூறாது மெய்யின் நீட்சியையும் உடன் கூறியது நோக்கத்தக்கது. மேலும், பாடலை முன்பே அறிந்த அவையினர் குறில் நீண்டாலும் சொல்லை உணர்ந்துகொள்வர். பாடுவோரே சொல்லை அறியாதவிடத்து அவ்வுதவி கிட்டாது.

இவ்விடத்து நன்னூலின் அளபெடை விதிகள் இசையமைப்பாளர்க்கு நேரடிப் பயன் தருவன. ஓசை குன்றுமிடத்து அளபெடுக்கும் உயிர் நெடிலே. குறிலைச் சார்ந்த இடத்தில் ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள என்னும் பத்து மெய்களும் ஆய்தமும் அளபெடுக்கும். எனவே 'விண்' நெடிய சுரத்தில் அமைந்தால் இகரத்தைக் குறுக நிறுத்தி ணகர ஒற்றை நீட்ட வேண்டும். 'விண்ண்' என்பது ஒற்றளபெடை. மூக்கொலியை முனகலாக நீட்டுவது கருவியிலாக் குரலிசையின் அடிப்படை உத்தி. அதனையே இங்குச் சொல்லைக் காக்கவும் பயன்படுத்தலாம். 'பாலன்' என்பதில் முதல் நெடில் நீளலாம். 'பிறப்பு' என்பதிலோ நீளத்தக்க எழுத்து எதுவுமில்லை: குறில்கள், வல்லின ஒற்று, அரை மாத்திரையே உடைய குற்றியலுகரம். அதற்குக் குறுஞ்சுரங்களே தரவேண்டும். நெடுஞ்சுரம் தரின் 'பிறப்பூ' என்று சிதையும். இசையமைப்பாளர் பாடலை நான்கு குரல்களுக்குப் பிரிக்குமுன் எந்த எழுத்து நீளும், எது நீளாது என்று குறித்துக்கொண்டால் பெரும்பாலான பிழைகள் தோன்றா.

முடிவுரை

1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது எழுந்த கோரிக்கை, கேட்போர்க்குப் பொருள் விளங்கும் பாட்டு வேண்டும் என்பது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று அக்கோரிக்கை பாடுவோர் பொருட்டும் எழ வேண்டியுள்ளது. பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளை செந்தமிழ்ச் சொற்களைத் தன் வாயால் ஒலிக்கும் இடங்கள் மிகச் சில. ஆண்டிறுதிக் கீத பவனி அவற்றுள் ஒன்று. அவ்விடத்தும் சொல் வெற்றசையாகத் தேய்ந்தால் இழப்பு இசைக்கு மட்டுமன்று. இளைஞர்களிடமிருந்து பென்டடோனிக்ஸ் இசைத்தொகுப்பைப் பறிக்க வேண்டியதில்லை. தமிழாசிரியர்கள் நவம்பர் மாதத்தில் சில மாலைப்பொழுதுகளைப் பாடகர் குழுவோடு கழித்து, பாடல் தாளில் நெடில்களுக்குக் கோடிட்டு, அளபெடுக்கும் ஒற்றுகளை வட்டமிட்டுத் தந்தால் போதும். வகுப்பறையில் மனனப் பகுதியாகச் சுருங்கிவிட்ட அளபெடை, அந்த மின்தூக்கிக் கூடத்தில் மீண்டும் ஒலியாகும்.