பதினொன்றாம் வசனத்துக்கு முன்னால் பத்து வசனங்கள்

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளும் திறக்காத நேரத்திலேயே என் போனுக்கு நாலைந்து வேதவசனங்கள் வந்துவிடும். ஒரு பூ, ஒரு சூரிய உதயம், கீழே ஒரே ஒரு வசனம். அனுப்புகிறவர்கள் ஓவர்லாக் டைலர்கள், செக்கிங் அக்காக்கள், பட்டறைக்காரர்கள். பாதிப் பேர் தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்து லைன் வீட்டில் இருப்பவர்கள். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவர்கள் சாப்பிடும் ஆன்மிக உணவு அதுதான். கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. லட்சக்கணக்கானவர்கள் தினமும் வாசிக்கும் ஒரு வடிவத்தை இலக்கியம் படிக்கிற நாமும் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம் அல்லவா?

அதிகமாக வருவது எரேமியா 29:11. கடவுள் உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, நல்ல முடிவையே வைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். தனியாகப் படித்தால் இந்த மாதமே கடன் அடைந்துவிடும், வேலை கிடைத்துவிடும் என்கிற மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வாக்கியம். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதில் முதலில் அவர் சொல்வது வேறு: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள். உங்களைக் கொண்டுபோன அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள். திரும்பி வருவது 70 வருஷம் கழித்து. இதெல்லாம் சொன்ன பிறகுதான் அந்தப் பதினொன்றாம் வசனம். அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த நல்ல முடிவைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை உடைத்துப்போட்டு, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எரேமியா அதை மறுக்கிறார். பொய் நம்பிக்கை கொடுக்கிறாய் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். வசன அட்டையின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். எரேமியாவின் ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டியெடுத்து, அனனியா சொன்னதைச் சொல்ல வைக்கிறது.

வடிவமே தப்பு என்று நான் சொல்லவில்லை. நாளுக்கொரு வசனம் என்கிற பழக்கத்தின் புகழ்பெற்ற தொடக்கங்களில் ஒன்று ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட். மொராவியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள் 1722இல் உருவாக்கிய குடியிருப்பு அது. அங்கே 1728 முதல் அன்றைய வாசகத்தை ஒருவர் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொன்னார். 1731இல் புத்தகமாக அச்சானது. அவர்களும் ஊர்விட்டு வந்தவர்கள்தான். ஆனால் அங்கே வசனத்தோடு ஒரு ஆளும் வாசலுக்கு வந்தார். இன்று ஃபார்வர்டு மட்டும் வருகிறது. அனுப்பினவருக்கு நம் வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாது.

இன்னொரு குறை, இந்த வடிவத்தில் விழுவதற்கு இடமே இல்லை. ஜான் பன்யனை எடுத்துக்கொள்ளுங்கள் (பெயரைக் கேட்டால் திருப்பூர்க்காரனுக்குச் சிரிப்பு வரும்). அவர் தொழில் பாத்திரம் பழுதுபார்ப்பது, நம்மூர்ப் பட்டறைக்காரர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. மதப் பிரசங்கத்துக்காகச் சுமார் 12 வருஷம் சிறையில் இருந்தவர், 1678இல் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ வெளியிட்டார். அதில் பயணி கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே மனச்சோர்வு என்னும் சேற்றில் விழுகிறான். ஊர் சேரும் நேரத்தில்கூட ஆற்றில் பயந்து தத்தளிக்கிறான். திருநெல்வேலிக்காரரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத் தழுவித்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்கிற காப்பியத்தை எழுதினார். 1894இல் வந்தது. அவரைக் கிறித்தவக் கம்பர் என்பார்கள். பயத்தையும் சோர்வையும் வழியின் பகுதியாகவே வைத்த மரபு நம்மிடமே இருக்கிறது. வசன அட்டையில் ஒருநாளும் யாரும் சேற்றில் விழுவதில்லை. அதனால் விழுந்து கிடக்கிறவன் அதைப் படிக்கும்போது, தன்னிடம்தான் விசுவாசம் இல்லையோ என்று கூடுதலாகக் குறுகிப்போகிறான்.

“பன்னெண்டு மணி நேரம் நிக்கறவங்கிட்ட அதிகாரம் முழுக்கப் படின்னா எப்படிங்ணா?” என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கடிதத்தின் முதல் 14 வசனங்களைப் படிக்க ஐந்து நிமிஷம் போதும். தினமும் புது வசனம் தேட வேண்டியதில்லை. ஒரே பகுதியை ஒரு வாரம் படிக்கலாம். திங்கட்கிழமை ஆறுதலாகத் தெரிவது சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது வேறு மாதிரித் தெரியும். 70 வருஷம் என்ற எண் அப்போதுதான் உறைக்கும்.

அதோடு ஏழாம் வசனம் இருக்கிறது, வந்து சேர்ந்த ஊருக்காக ஜெபிக்கச் சொல்வது. திருப்பூரில் அதற்கு அர்த்தம் ரொம்பப் பெரியது. சாயம் ஓடிய நொய்யலும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் பையனும் அந்த ஜெபத்துக்குள் வந்தாக வேண்டும். பதினொன்றாம் வசனம் எனக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்க வைக்கிறது. ஏழாம் வசனத்தைச் சேர்த்துப் படித்தால், இந்த ஊருக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்ற கேள்வியும் வரும். அடுத்த முறை யாராவது 29:11 அனுப்பினால் 29:7ஐத் திருப்பி அனுப்புங்கள். முடிந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள், வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.