கடைசிச் சுரத்துக்கு முன் நடக்கும் ஆட்டம்

1990 உலகக் கோப்பைக் கால்பந்தில் 52 ஆட்டங்களுக்கு 115 கோல்கள்தான் விழுந்தன. ஆட்டத்துக்கு 2.21 என்ற அந்தச் சராசரியைவிட வறட்சியான உலகக் கோப்பை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அரையிறுதி இரண்டும் பெனால்டி ஷூட்-அவுட்டில் முடிந்தன. போட்டியை நடத்திய இத்தாலி, நேப்பிள்ஸில் அர்ஜென்டினாவிடம் விழுந்தது. இறுதியாட்டத்தின் ஒரே கோலும் 85-வது நிமிடத்தில் பிரெமே அடித்த பெனால்டி.

இந்தத் தொடரின் ஒளிபரப்புக்கு முகப்புப் பாட்டாக பிபிசி எடுத்துக்கொண்டது, லூச்சியானோ பவரொட்டி 1972-ல் பதிவுசெய்த 'நெஸ்ஸுன் டோர்மா'வை. அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. அதன் பிறகு மைதானங்களின் வெற்றிப் பாட்டாகவே ஆகிவிட்டது. 2016-ல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் கோப்பையை வாங்கிய நாளிலும், 2021-ல் ரோமில் யூரோ தொடங்கிய இரவிலும் ஆந்த்ரேயா போச்செல்லி பாடியது இதைத்தான்.

ஆனால் 'வெற்றிப் பாட்டு' என்ற பட்டம் இதற்குப் பொருந்தாது. இதைப் பாடும்போது ஆட்டம் இன்னும் முடியவில்லை. புச்சினியின் 'துராண்டோட்' ஓப்பராவில், தன்னை மணக்க வருகிறவர்களிடம் இளவரசி மூன்று விடுகதைகள் போடுவாள்; தவறினால் தலை போகும். காலஃப் மூன்றையும் விடுவித்துவிடுகிறான். அவளுக்கோ மணமுடிக்க மனமில்லை. அவன் தானாகவே பந்தயத்தை நீட்டுகிறான்: விடிவதற்குள் என் பெயரைக் கண்டுபிடித்தால் நான் சாகத் தயார். ஊரில் ஒருவரும் தூங்கக் கூடாது என்று ஆணை பறக்கிறது. மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில், அந்த இரவில், அவன் பாடுவது இது. கையில் முன்னிலை இருக்கிறது, கோப்பை இல்லை.

1972 அணியைப் பார்ப்போம். லண்டன் கிங்ஸ்வே ஹாலில் லண்டன் பில்ஹார்மானிக் இசைக்குழு. நடத்துநர் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா. இளவரசி ஜோன் சதர்லேண்ட், அடிமைப்பெண் லியூ மோன்செராட் கபாயே. சதர்லேண்ட் இந்த வேடத்தை மேடையில் ஏற்றதே இல்லை. பவரொட்டியும் அதுவரை காலஃபாக மேடை ஏறியதில்லை. 1977-ல் சான் பிரான்சிஸ்கோவில்தான் ஏறினார். இந்த ஓப்பராவை மைதானத்தில் சேர்ந்து ஆடாதவர்களை வைத்துக் கட்டிய ஸ்டூடியோ அணி இது.

புச்சினி கேட்கும் காலப்பிரமாணம் நிதானமான நடை, ஒவ்வொரு சுரத்தையும் தாங்கிப் பிடித்துச் செல்லும் நடை. மேத்தா இதில் அவசரம் காட்டவில்லை. முதல் அடிகளில் பவரொட்டி ஏறக்குறைய பேசுகிறார். குரல் உரத்து வரவில்லை, ஆனால் சொற்கள் ஒவ்வொன்றும் துலங்குகின்றன. முதல் மணி நேரத்தில் ஆஃப்-ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துகளையெல்லாம் விட்டுவிடும் தொடக்க ஆட்டக்காரரின் பொறுமை அது.

திருப்புமுனை சுருதியில் இருக்கிறது. ஜி மேஜரில் தொடங்கும் பாட்டு, எல்லோரும் முணுமுணுக்கும் அந்த மெட்டு வரும்போது டி மேஜருக்குப் போய்விடுகிறது. நம் கணக்கில் சொன்னால், பழைய ஆதாரத்துக்குப் பஞ்சமமாக இருந்த சுரமே புதிய ஷட்ஜமாகிறது. கச்சேரி முழுவதும் ஒரே சுருதியில் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நகர்வு சட்டென்று பிடிபடும். சோகத்திலிருந்து மகிழ்ச்சிக்குத் தாவுவது போன்ற பெரிய திருப்பம் இல்லை. இரண்டுமே சங்கராபரண அமைப்புதான். நிற்கும் தரை மட்டும் உயர்கிறது. பாட்டின் பாவம் மாறுவதும் அங்கேதான். ஊரின் பதற்றம் பின்வாங்க, தன் ரகசியம் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்ற ஒருவனின் உறுதி முன்னே வருகிறது.

அடுத்து வரும் நகர்வை ஹைலைட்ஸ் எப்போதும் வெட்டிவிடும். நாயகன் மௌனமாகிறான். மெட்டை இசைக்குழு எடுத்துக்கொள்ள, மேடைக்கு அப்பாலிருந்து பெண்களின் குரல்கள்: அவன் பெயர் கிடைக்காவிட்டால் எங்களுக்குச் சாவுதான் என்கின்றன. காலஃபின் உறுதிக்கு ஊரார் தரும் விலை அது. அந்தப் புலம்பலின் மேல்தான் அவன் மறுபடி குரல் எடுக்கிறான், இரவே போய்விடு என்று. இதை விட்டுவிட்டுக் கேட்டால் முடிவு வெறும் மார்தட்டலாகத்தான் ஒலிக்கும்.

இனி அந்தப் புகழ்பெற்ற முடிவு. வெல்வேன் என்று கடைசி முறை சொல்லும்போது குரல் மேல் பி-யைத் தொட்டு ஏ-யில் இறங்குகிறது. டி-யை ஷட்ஜமாக வைத்தால் தைவதத்திலிருந்து பஞ்சமம். புச்சினி எழுதியபடி பி-க்குக் கிடைப்பது ஒரு தட்டில் கால் பங்கு, ஏ-க்கு நான்கு தட்டு. 1938-ல் வந்த முதல் முழுப் பதிவில் பிரான்செஸ்கோ மெர்லி அந்தக் கணக்கை மதித்துத் தொட்டுவிட்டு இறங்கினார். பின்னால் வந்தவர்கள் பி-யிலேயே கொடி நட்டார்கள். 1965 பதிவில் பிராங்கோ கொரெல்லி தன் குரலின் முழு எஃகையும் காட்டுவது அங்கேதான்.

பவரொட்டியும் நீட்டத்தான் செய்கிறார். ஆனால் முறுக்கேற்றுவதில்லை. இந்தப் பதிவு நடந்த 1972-ன் பிப்ரவரியில்தான் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில், டோனிசெட்டியின் ஒரே பாட்டில் ஒன்பது மேல் சி-க்களை அவர் பாடியிருந்தார். சி-யை அப்படிக் கையாண்டவருக்கு அரைச் சுரம் கீழே இருக்கும் பி எல்லைக்கோடு அல்ல, அதற்கு மேலும் இடம் இருக்கிறது. அந்த மிச்சம் நம் காதில் நம்பிக்கையாக விழுகிறது. கொரெல்லியிடம் போரிடும் வீரன் தெரிகிறான்; பவரொட்டியிடம் விடியும் என்று தெரிந்தவன். எனக்குப் பின்னவன்தான் காலஃபுக்கு நெருக்கமானவன்.

தொலைக்காட்சிக்குக் கடைசிப் பத்து விநாடி போதும். ஆட்டத்தை அறிய நினைப்பவர்கள் 1972-ன் முழுப் பதிவைப் போட்டு, மேல் சுரம் முடிந்த பிறகும் அணைக்காமல் ஓடவிட வேண்டும். கச்சேரிகளில் கைத்தட்டலுக்காகப் பின்னால் ஒட்டிய முடிப்பு ஓப்பராவில் கிடையாது. இசைக்குழு நிற்காமல் போகிறது. அரசவை அமைச்சர்கள் மூவர் வந்து, பெண்களையும் பொன்னையும் காட்டி, ஊரைவிட்டுப் போய்விடு என்று காலஃபிடம் பேரம் பேசத் தொடங்குகிறார்கள். இன்னும் விடியவில்லை. அவன் பெயரை அறிவதற்காக லியூ வதைக்கப்படுவதும், அதைச் சொல்லாமல் அவள் உயிர்விடுவதும் இனிமேல்தான்.