விவிலியத்தில் எண்ணெய்: இறைப் பராமரிப்பின் அடையாளம்

விவிலியத்தில் எண்ணெய் என்பது பெரும்பாலும் ஒலிவ எண்ணெயைக் குறிக்கும். அது உணவாகவும், விளக்கெரிக்கவும், காயத்திற்கு மருந்தாகவும், அரசர்களையும் ஆசாரியர்களையும் அபிஷேகம் செய்யவும் பயன்பட்டது. தானியம், திராட்சரசம், எண்ணெய் ஆகிய மூன்றையும் கடவுளின் ஆசீர்வாதமாக உபாகமம் (7:13, 11:14) கூறுகிறது. இந்த அடையாளம் இரண்டு விதவைகளின் கதைகளில் முழு வலிமை பெறுகிறது.

சாறிபாத் விதவை

1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரம் பஞ்ச காலத்தில் நிகழ்கிறது. சாறிபாத் சீதோனைச் சேர்ந்த ஊர்; பாகாலை வழிபட்ட அரசி யேசபேலும் சீதோனியரின் அரசன் மகளே. மழையும் விளைச்சலும் பாகால் தருபவை என்று நம்பப்பட்ட நிலத்திலேயே இஸ்ரவேலின் கடவுள் மாவும் எண்ணெயும் தருகிறார். பானையும் கலசமும் நிரம்பி வழிந்ததாகக் கதை சொல்லவில்லை. மழை வரும்வரை அவை தீர்ந்துபோகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. பராமரிப்பு இங்கே சேமிப்பு அல்ல, அன்றன்றைய உணவு.

கடன்பட்ட விதவை

2 இராஜாக்கள் 4:1-7 பகுதியில் நெருக்கடி வேறு. தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துவிட, கடன் கொடுத்தவன் அவருடைய இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். வீட்டில் எஞ்சியிருப்பது ஒரு குடம் எண்ணெய். அண்டை வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கும்படி எலிசா சொல்கிறார். கடைசிப் பாத்திரம் நிறைந்ததும் எண்ணெய் நின்றுபோகிறது. அவள் அதை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியில் பிள்ளைகளோடு பிழைக்க வேண்டும்.

மதிப்பீடு

பிரசங்க மரபில் இந்த எண்ணெய் பெரும்பாலும் பரிசுத்த ஆவியாகவும், வெறும் பாத்திரங்கள் வெறுமையான உள்ளங்களாகவும் விளக்கப்படுகின்றன. தாவீதின் அபிஷேகத்தில் (1 சாமுவேல் 16:13) எண்ணெயும் ஆவியும் சேர்ந்தே வருவதால் இதற்கு அடிப்படை உண்டு. ஆனால் இந்த வாசிப்பில் கடன்காரன் மறைந்துவிடுகிறான். கதையில் எண்ணெய் விற்கப்படும் சரக்கு. அதன் பயன் இரு பிள்ளைகளின் விடுதலை. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் இதே எண்ணெய் கடன்பட்டவர்களிடமிருந்து தண்டப்படும் பொருள்களில் ஒன்றாக வருகிறது. அங்கே ஏழையிடமிருந்து பறிக்கப்படுவது, இங்கே ஏழையின் கடனை அடைக்கிறது.

செல்வம் பெருகும் என்ற வாக்குறுதியாகக் கதையைக் கொள்வதும் பொருந்தாது. கடனும் பிழைப்புமே அதன் அளவு. கதைக்கும் ஓர் எல்லை உண்டு: ஒரு குடும்பம் மீட்கப்படுகிறது, கடன்காரன் கண்டிக்கப்படுவதில்லை. அந்தக் கண்டனத்தை நெகேமியா செய்கிறார். நிலங்களையும் வீடுகளையும் எண்ணெயையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அற்புதத்தால் வந்த எண்ணெயையும், நியாயத்தால் திரும்பிய எண்ணெயையும் சேர்த்து வாசிக்கும்போதே இந்த அடையாளம் முழுமை பெறுகிறது.