மூழ்கியவர்களும் முத்தெடுத்தவர்களும்

நூல் வெளியீடு, மதிப்புரை, நினைவுப் பேருரை ஆகிய மூன்றிலும் தவறாமல் வந்துவிடும் சொல் ஒன்று உண்டு. 'இலக்கியத்தில் மூழ்கியவர்', 'ஆய்வில் மூழ்கித் திளைத்தவர்' என்று நாம் அதை எழுதுகிறோம். அண்மையில் கண்டியில் நடந்த ஒரு கூட்டத்தில் அறிஞர் சித்திலெப்பையைப் பற்றி மூவர் பேசினார்கள். அவர் சமூகப் பணியில் மூழ்கியவர் என்றார் முதலாமவர். பத்திரிகைத் துறையில் மூழ்கியவர் என்றார் அடுத்தவர். மெய்ஞ்ஞானத்தில் மூழ்கியவர் என்று முடித்தார் மூன்றாமவர். பக்கத்திலிருந்த நானா ஒருவர் என் காதருகே குனிந்து, "மனிசன் எத்தனை கிணத்துலதான் முங்குவார்?" என்றார். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அதே சொல்லை நானும் எத்தனையோ மதிப்புரைகளில் எழுதியிருக்கிறேனே.

இந்தச் சொல்லை இப்போது நாம் அதிகம் எழுதுவதற்கு 'இமர்ஸ்' என்ற ஆங்கில வினையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். லத்தீனிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு, ஒன்றை நீருக்குள் அமிழ்த்துவது என்பதே அடிப்பொருள். ஒரு துறையில் ஆழ்ந்து ஈடுபடுவதைச் சொல்லும்போது ஆங்கிலேயர் அதைப் பெரும்பாலும் 'தன்னை' என்பதோடு சேர்த்தே சொல்வார்கள். ஒருவர் தானாக விரும்பி இறங்குகிறார், வேண்டும்போது ஏறியும் வருகிறார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

தமிழில் 'மூழ்கு' அப்படியல்ல. அது பெரும்பாலும் நமக்கு நேர்வது. கப்பல் மூழ்கும், கடனில் குடும்பம் மூழ்கும். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை டவுன் மூழ்கும். 'மூழ்கடி' என்றால் அழிப்பது என்றே பொருள். அப்படியிருக்க, 'வாசிப்பில் தன்னை மூழ்கடித்துக்கொண்டார்' என்று மொழிபெயர்ப்புகளில் எழுதுகிறார்கள். வாசிக்கப் போன மனிதரைத் தண்ணீரில் தள்ளிவிட்டது போலத்தான் அது எனக்குப் படுகிறது. 'சிந்தனையில் மூழ்கினான்' என்பது நல்ல தமிழ்தான், அதை நான் மறுக்கவில்லை. எல்லா ஈடுபாட்டுக்கும் அந்த ஒரே சொல்லைப் போடுவதுதான் குறை.

அரபு மொழி இந்த இடத்தில் கவனமாக இருக்கிறது. வீண் பேச்சில் இறங்குவதற்குக் குர்ஆன் 'ஃகாள' என்ற வினையைப் பயன்படுத்துகிறது. நீருக்குள் கால்வைத்து இறங்கி நடப்பது அதன் மூலப்பொருள். அல்அன்ஆம் 68ஆவது வசனத்திலும் அல்முத்தஸ்ஸிர் 45ஆவது வசனத்திலும் அது கண்டனமாகவே வருகிறது. இந்த இரண்டாவது இடத்தில், பலர் கையிலுள்ள தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று 'மூழ்கு' என்ற வினையையே இட்டிருக்கிறது. ஸூஃபிகள் சொல்லும் 'இஸ்திஃக்ராக்' வேறொரு நிலை, தன்னை மறந்து இறை நினைவில் அமிழ்ந்துபோவது. அதன் வேர்ச்சொல்தான் ஃபிர்அவ்னின் கூட்டம் கடலில் அழிந்ததைச் சொல்லவும் வருகிறது. அறிவில் ஆழ்ந்தவருக்கோ இவை இரண்டும் இல்லை, 'தபஹ்ஹுர்' என்று தனிச்சொல் இருக்கிறது. கடல் என்ற பொருள்தரும் 'பஹ்ர்' என்பதிலிருந்து அது பிறந்தது. 1810இல் சென்னையில் காலமான லக்னோ அறிஞர் அப்துல் அலீ அவர்களை 'பஹ்ருல் உலூம்' என்றார்கள். கல்விகளின் கடல் என்று பொருள். அவர் கடலில் விழுந்தவராகச் சொல்லப்படவில்லை. அவரே கடல்.

நம் தமிழிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஈடுபடு, தோய், ஆழ், ஊறு, குளி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்கிறது. தேயிலை விளையும் மலையில் இருக்கும் நமக்கு 'ஊறு' என்பதை விளக்க வேண்டியதில்லை. கொதிநீரில் தேயிலையைப் போட்டதும் குடித்துவிட முடியாது, சாயம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அச்சாறும் அப்படித்தான், ஊறிய காயை வெளியே எடுத்தாலும் அதன் புளிப்பு போகாது. ஒருவர் தமிழில் ஊறியவர் என்றால், காலம் எடுத்து அது அவருக்குள் இறங்கியிருக்கிறது, அவர் வேறெதைப் பேசினாலும் அந்த ருசி தெரியும் என்று பொருள். 'குளி' என்பதற்கு நீரில் பாய்ந்து ஆழத்துக்குப் போவது என்ற பழைய பொருள் உண்டு. மன்னார் கடலின் 'முத்துக்குளிப்பு' என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவன் மூச்சு முட்டுமுன் மேலே வந்தாக வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் கீழே இருந்தான் என்று கரையில் யாரும் கேட்டதில்லை. என்ன கொண்டுவந்தான் என்றுதான் பார்த்தார்கள்.

இந்தக் கேள்வியைச் சித்திலெப்பையிடம் கேட்டுப் பார்க்கலாம். 1838இல் கண்டியில் பிறந்தவர், சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' வந்தது. 1897இல் மெய்ஞ்ஞான நூலான 'அஸ்றாறுல் ஆலம்', அடுத்த வருடம் மரணம். மூழ்கிக் கிடந்தவருக்கு இத்தனை கரை ஏறியிருக்க முடியாது. ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தது 1883இல். இரண்டு வருடம் கழித்து, கெய்ரோவில் பிறந்த ஒருவனைக் கதாநாயகனாக்கி ஒரு தமிழ் நாவல் வருகிறது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியாகி அப்போது ஆறே வருடம். எகிப்தையும் இந்தியாவையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து, முஸ்லிம் வாழ்வைப் புதிய உரைநடைக்குள் நடமாட விட்டார். அவர் எடுத்த முத்து இதுதான். தற்செயல்களே கதையை நகர்த்துகின்றன, நல்லவர் நல்லவராகவே இருந்து முடிகிறார் என்ற குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அதனால் அவர் மதிப்பு குறையாது. உண்மையாகவே வாசித்திருக்கிறோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

இனி என் கணக்கு. சில வருடங்களுக்கு முன்னர் என் மாணவர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். 'கவிதையில் மூழ்கிய இளைஞர்' என்று பாராட்டியிருந்தேன். பிறகு பஸ் நிலையத்தில் கண்டபோது அவர் சலாம் சொல்லிவிட்டு, "சேர், மூழ்கினன்னு எழுதினீங்க. என்னத்த எடுத்தன்னு எழுதல்லயே?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, அதுதான் எனக்குச் சுட்டது. அவருடைய தொகுதியில் மூன்று கவிதைகள் தரமானவை. மற்றவை அவசரத்தில் எழுதியவை. இரண்டுமே எனக்கு அப்போதே தெரியும். நல்லதைச் சுட்டிக்காட்ட எனக்கு நேரமில்லை, குறையைச் சொல்லத் துணிவில்லை. அந்த ஒரு சொல் இரண்டையும் மூடிக்கொண்டது. அவர் அதன்பின் தொகுதி எதுவும் போடவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் என்னிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை என்பது உண்மை.

நம் சமூகத்தில் எழுதுபவர்கள் குறைவு, அதனால் தட்டிக்கொடுக்க வேண்டும் என்பார்கள். மெய்தான். எந்தக் கவிதை நின்றது, எது நிற்கவில்லை என்று பக்கம் காட்டிச் சொல்வதும் தட்டிக்கொடுப்பதுதான். அந்த மூன்று கவிதைகளை இப்போது மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன். அவரைக் கூப்பிட்டு, மதிப்புரையில் எழுதாமல் விட்டதைச் சொல்லப் போகிறேன்.