‘ஒருங்குறி சாரா நிரல்களுக்கான மொழி’: விண்டோஸ் அமைப்பில் பழைய தமிழ்க் கோப்புகளின் நிலை

விண்டோஸ் இயங்குதளத்தின் வட்டார அமைப்புகளுள் ‘ஒருங்குறி சாரா நிரல்களுக்கான மொழி’ என்றொரு தெரிவு உள்ளது. ஆங்கிலமல்லாத எழுத்துகளைக் கையாளும் பழைய மென்பொருள்கள் வினாக்குறிகளையும் வெற்றுக் கட்டங்களையும் காட்டும்போது இத்தெரிவை மாற்றுமாறு பரிந்துரைப்பது வழக்கம். சப்பானிய மென்பொருளுக்கு இது தக்க தீர்வு. பழைய தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை இது பயனற்றது. சில சூழல்களில் கேடும் விளைவிப்பது.

இத்தெரிவின் பெயர் மொழியைச் சுட்டினாலும், அது அடிப்படையில் மாற்றுவது குறிப்பக்கத்தையே. ஒருங்குறியில் அமையாத கோப்பொன்றில் 128 முதல் 255 வரையிலான எண்கள் எவ்வெழுத்துகளைக் குறிக்கின்றன என்பதைக் குறிப்பக்கமே முடிவுசெய்கிறது. சப்பானியத்திற்கு 932, ஆங்கிலம் முதலியவற்றிற்கு 1252 என எண்கள் உண்டு. தமிழுக்கு அத்தகைய எண் இல்லை. விண்டோஸ் 2000 தமிழை ஒருங்குறி வழியாக மட்டுமே ஏற்றது. இதனைப் புறக்கணிப்பு எனக் கொள்வது எளிது; ஆனால் 1991 முதலே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்த நிலையில், புதிதாக ஒரு குறிப்பக்கம் வகுக்காமை தொழில்நுட்ப நோக்கில் பிழையன்று. சிக்கல் அதற்கு வெளியே எழுதிக் குவிக்கப்பட்டவற்றில் உள்ளது.

திஸ்கி, டாப் போன்ற எட்டுத்துணுக்குக் குறியேற்றங்கள் மேற்பாதி எண்களில் தமிழை வைத்தன. இயங்குதளத்தின் பார்வையில் அவை தமிழல்ல, ஐரோப்பிய எழுத்துகள். எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் வடிவம் அளித்தது. எனவே திஸ்கிக் கோப்பு பிழையின்றித் தெரியக் கணினி ஆங்கில அமைப்பிலேயே இருத்தல் வேண்டும் என்னும் முரண் உருவாயிற்று.

சப்பானிய அமைப்புக்கு மாறிய கணினியில், குறிப்பக்கத்தை நம்பும் திருத்தி ஒன்றில் அக்கோப்பைத் திறந்தால் நேர்வது கருதத்தக்கது. 932இல் 129–159, 224–252 ஆகிய எண்கள் தனித்து நிற்பதில்லை. அடுத்த எண்ணோடு இணைந்தே ஓர் எழுத்தாகின்றன. திஸ்கியிலோ புள்ளி பெற்ற மெய்கள் 236 முதல் 253 வரை அமைந்துள்ளன. ஆகவே ‘ன்’ நீங்கலான ஒவ்வொரு மெய்யும் தன்னை அடுத்துவரும் எழுத்தை விழுங்கப் பார்க்கும். ‘பக்கம்’ என்னும் சொல்லில் ‘க்’ என்பதும் ‘க’ என்பதும் ஒன்றாகி, தொடர்பற்ற குறியாகவோ கட்டமாகவோ நிற்கும். மெய்ம்மயக்கம் மிகுந்த மொழியில் இச்சிதைவு எத்துணைப் பரவலானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

2018இல் விண்டோஸ் 10இன் 1803 பதிப்போடு, அதே சாளரத்தில் உலக மொழிகள் அனைத்திற்கும் யுடிஎஃப்-8 பயன்படுத்தும் சோதனைநிலைத் தெரிவும் சேர்ந்தது. இது முன்னேற்றம்தான், ஆயினும் திஸ்கி எண்வரிசைகள் யுடிஎஃப்-8 இலக்கணத்திற்கு உட்படுவன அல்ல. அவற்றை யுடிஎஃப்-8 எனக் கொண்டு படிக்கும் நிரல், பொருந்தாத ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே மாற்றுக்குறியை இடுகிறது. அந்நிலையில் கோப்பைச் சேமித்துவிட்டால் ‘க’வும் ‘த’வும் வேறுபாடின்றிப் போகும், எந்த மாற்றியாலும் அவற்றை மீட்க இயலாது. முந்தைய சிதைவில் மூல எண்கள் பெரும்பாலும் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. இதில் அதுவும் இல்லை.

தமிழ்க் கணிமை குறித்த உரையாடல் விசைப்பலகையையும் எழுத்துருவையும் சுற்றியே நெடுங்காலம் நிகழ்ந்தது. கோப்பின் குறியேற்றப் பெயரைப் பதிந்துவைக்கும் பழக்கம் அதனால் வேரூன்றவில்லை. தட்டச்சிட்ட சுவடிப் படிகளும் சொல்லடைவுகளும் ‘எழுத்துரு இல்லை’ என்னும் ஒற்றைக் காரணத்தின்கீழ் ஒதுக்கப்படுவது இதன் விளைவே. மூலத்தின் மாற்றப்படாத படி ஒன்றைக் காத்து, குறியேற்றத்தை அடையாளங்கண்டு, ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன் நிற்கும் திஸ்கியின் காட்சி வரிசையை ஒருங்குறியின் ஒலிவரிசைக்கு மாற்றிய பின்னரே கணினியின் மொழியமைப்பில் கைவைத்தல் தகும்.