எந்த இடம் என்று சொல்லுங்கள்

2002-ஆம் ஆண்டு பி.பி.சி. உலக சேவை தன் 70-ஆவது ஆண்டையொட்டி, உலகத்திலேயே தலைசிறந்த பாட்டு எது என்று நேயர்களிடம் கேட்டது. ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காவதாக வந்தது. முதலிடம் அயர்லாந்துக்காரர்களின் விடுதலைப் பாட்டு ஒன்றுக்குப் போனது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலைக் காட்டி, “இளையராஜா போட்டதிலேயே இதுதான் உசத்தி” என்று யாராவது வாதிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பாட்டு எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்பதை ஓட்டு சொல்லிவிடும். அது ஏன் உசத்தி என்பதைப் பாட்டுக்குள்ளிருந்துதான் எடுத்துக் காட்ட வேண்டும்.

கல்யாண வீட்டுப் பந்தியிலும் ராத்திரி ரயிலிலும் இந்த வாதம் ஓயாமல் நடக்கிறது. எம்.எஸ்.வி.யா, ராஜாவா, ரஹ்மானா என்று ஆரம்பித்து, கடைசியில் யார் எந்த வருஷம் பிறந்தார்கள் என்பதில் வந்து முட்டி நிற்கும். மீசை முளைக்கிற வயதில், தாவணி போட்ட வயதில் கேட்ட பாட்டை யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது. அந்தப் பிரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கும் இருக்கிறது. வாதத்துக்கு உட்காரும்போது மட்டும் அதைச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது. “எங்கப்பா சைக்கிளில் கூட்டிப்போகும்போது பாடுவார்” என்பது உங்கள் அப்பாவைப் பற்றிய செய்தி, பாட்டைப் பற்றியது ஆகாது.

ஆகவே, ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு வாதாடுங்கள். பாட்டின் பெயரைச் சொன்னதும் எதிராளி “எந்த இடம்?” என்று கேட்க வேண்டும். நீங்கள் போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தப் பாட்டு அன்றைக்குப் போட்டியில் இல்லை. ராக்கம்மாவுக்கு இதைச் செய்து பாருங்கள். எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் தெருவையே ஆட்டிக்கொண்டிருக்கும்போது, கும்மாளமெல்லாம் சட்டென்று அடங்கி, பெண்கள் குரலில் அப்பர் தேவாரம் எழுகிறது. வாலியின் குத்துப்பாட்டுக்கு நடுவில் ஏழாம் நூற்றாண்டுப் பதிகம்! அது முடிந்து பழைய ஆட்டம் திரும்பும்போதும் ஒட்டுப்போட்டதாகத் தெரிவதில்லை. அந்த நுழைவையும் வெளியேற்றத்தையும் மட்டும் நாலைந்து தடவை ஓட்டிக் கேளுங்கள். பி.பி.சி. பட்டியலை விடப் பலமான வாதம் அங்கே இருக்கிறது.

எதில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகளில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக இருந்து பதிவு செய்தார்கள். யாராவது ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கூட்டு மூச்சைச் சின்ன ரேடியோகூட ஓரளவு கொண்டுவந்துவிடும். ‘ரோஜா’ (1992) வந்தபிறகு பாட்டு அடுக்கடுக்காகக் கட்டப்பட ஆரம்பித்தது. அடியில் ஓடும் பேஸையும் ஓரத்தில் வந்துபோகும் சின்னச் சத்தங்களையும் போன் ஸ்பீக்கர் விழுங்கிவிடும். அதில் கேட்டுவிட்டு ரஹ்மானுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டபிறகு பேசுங்கள்.

மெட்டையும் வரியையும் பிரித்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. வரிகளை ராகம் போடாமல் சும்மா வாசித்துப் பாருங்கள். பிறகு வரி இல்லாமல் மெட்டை மட்டும் முணுமுணுங்கள். இரண்டும் தனியாக நின்றால் நல்ல பாட்டு. இரண்டும் சேரும்போது, தனித்தனியாக இல்லாத ஏதோ ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்தால், அந்தப் பாட்டைப் போட்டிக்கு அனுப்பலாம்.

தாலாட்டோடு டப்பாங்குத்தைப் பொருத விடுவதால்தான் பாதி வாதங்கள் வீணாகின்றன. முதலில் ஒரே வகைப் பாட்டுகளை எதிரெதிரே வையுங்கள். நான் அடிக்கடி வைக்கும் ஜோடி, கண்ணதாசன் எழுதிய இரண்டு தாலாட்டுகள். ஒன்று ‘பாசமலர்’ (1961) படத்தின் ‘மலர்ந்தும் மலராத’, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. மற்றது ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் ‘கண்ணே கலைமானே’, இசை இளையராஜா. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு அது. படம் வெளிவருவதற்கு முன்பே, 1981 அக்டோபரில், அவர் காலமாகிவிட்டார்.

‘கண்ணே கலைமானே’யில் தாலாட்டப்படுவது குழந்தையில்லை, குழந்தை மனசோடு இருக்கும் வளர்ந்த பெண். கேட்பவள் தாலாட்டாகக் கேட்கிறாள். பாடுபவன் காதலையும் அதற்குள் வைத்துப் பாடுகிறான். யேசுதாஸ் குரலை எங்கேயும் ஓங்க விடாமல் அடக்கியே பாடியிருக்கிறார். ஓங்கினால் அவள் விழித்துக்கொள்வாள் என்பதுபோல. ஒரே மெட்டு இரண்டு பேருக்கு இரண்டு பாட்டாக இருக்கிறது, அதுதான் அதன் பலம்.

‘மலர்ந்தும் மலராத’ இன்னும் சிக்கலான காரியத்தைச் செய்கிறது. டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் மாறி மாறிப் பாடினாலும் திரையில் அது டூயட் இல்லை. மனஸ்தாபத்தால் பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு இடத்தில் தன் தன் குழந்தையை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். ஒருவர் பாடுவது மற்றவர் காதில் விழாது. ஆனாலும் பாட்டு ஒன்றுதான். முதல் பாதி வழக்கமான தாலாட்டு: குழந்தையின் வீரம், மாமன் கொண்டுவரப்போகும் சீர். நம் வீட்டுப் பெண்கள் தொட்டிலருகே மாமன் பெருமை பாடுவது போலத்தான். ஆனால் அந்த மாமனோடுதான் பேச்சுவார்த்தையே இல்லை. பிற்பகுதியில் தாலாட்டு மெல்ல நழுவி, இருவரும் ஒன்றாக வளர்ந்த கதையும் பிரிந்த கதையும் குழந்தையிடம் சொல்லப்படுகின்றன. குழந்தைக்கு அது என்ன புரியும்? வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் அதனிடம் சொல்கிறார்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: சொல் துயரத்துக்குப் போய்விட்டது, தாளம் போகவில்லை. தொட்டில் ஆடுகிற அதே நிதானத்தில்தான் அது ஆடிக்கொண்டிருக்கிறது. பாட்டு அழத் தொடங்கியிருந்தால் குழந்தை தூங்கியிருக்காது. நாமும் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

என் ஓட்டு இதற்குத்தான். தமிழ் சினிமாப் பாட்டிலேயே உச்சம் என்று கூசாமல் சொல்வேன்.

இந்த ஓட்டை அசைத்துப் பார்க்கக்கூடிய பாட்டு ஒன்று உண்டு. ‘சிந்து பைரவி’யில் (1985) சித்ரா பாடி தேசிய விருது வாங்கிய ‘பாடறியேன்’. அதன் ஆதரவாளர்கள் காட்டும் இடம் கடைசியில் இருக்கிறது. கிராமத்து மெட்டாகத் தொடங்கிய பாட்டு, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேரும் இடம். கச்சேரிகளில் அந்தக் கீர்த்தனையைக் காம்போதி ராகத்தில்தான் பாடுவார்கள். இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றியிருக்கிறார், ஏனென்றால் அந்த நாட்டுப்புற மெட்டு ஆரம்பத்திலிருந்தே சாரமதியில்தான் நடந்துவந்திருக்கிறது. வயல்காட்டுப் பாட்டும் சபாப் பாட்டும் ஒன்றுதான் என்று கதாநாயகி வாயால் வாதாடுவதற்கு முன்பே, ராகம் அதை நிரூபித்துவிடுகிறது. அடுத்த முறை கேட்கும்போது கீர்த்தனை வரும்வரை காத்திருக்காமல், முதல் வரியிலேயே சாரமதியைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டால் என்னோடு வாதத்துக்கு வரலாம்.